வெயிலைத் திருத்தியவர்

‘இன்னும் கொஞ்சக்காரர்’ என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடாதீர்கள், அகப்படாது. பக்கத்து வீட்டில் தேடுங்கள். ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பவர், பதமாக வெந்த சோற்றை இறக்கவிடாமல் மூடியைத் தூக்கிப் பார்ப்பவர், சுவரில் மாட்டியாகிவிட்ட படத்தை நாற்காலி போட்டு ஏறி நூலளவு இடப்பக்கம் நகர்த்தி, இறங்கி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி ஏறி நூலளவு வலப்பக்கம் நகர்த்தி, ஆணி கையோடு வந்துவிட்டதும், “அப்போதே நினைத்தேன், இந்தச் சுவர் சரியில்லை” என்பவர். அவரேதான்.

கெட்டுப்போன சாமான் அவர் கண்ணில் படாது. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கு வேண்டியது நன்றாக இருக்கிற சாமான்.

அவர் எதையும் எடுத்தவுடன் குறை சொல்லவும் மாட்டார். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. “பிரமாதம்” என்றுதான் ஆரம்பிப்பார். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே அந்தப் பொருளை எடுத்து ஒளித்துவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த சொல் “ஆனால்”. அதற்கும் அடுத்தது சொல் அல்ல, திருப்புளி.

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்று, மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம், மலாக்காவில் காஜா பெராங்கில் வாழ்ந்துகொண்டிருந்தது. பெயர் சேதுபதி. அதற்கு முந்திய வருஷம் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தபோது ஊரே கூடித் தொண்டை வற்றக் கூவியது. சேதுபதியும் கூவினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகு மனைவி சாரதாம்பாளிடம் சொன்னார்: “தேதி பிரமாதம். ஆனா ஒரு மாசம் முன்னாடி வச்சிருந்தா நல்ல வெயிலா இருக்கும்.”

இப்பேர்ப்பட்டவருக்கு வேலை எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? ஆற்றோரத்தில் ஒரு சீன முதலாளியின், ஊர் வழக்கில் தவுக்கேயின், ரப்பர்க் கிடங்கில். ரப்பர் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூசணம் பூத்திருக்கிறதா என்று பார்த்து, தரம் பிரித்து அடுக்குவது அவர் உத்தியோகம். ஈரம் இருந்தால் கிடங்கின் பின்னாலுள்ள புகைவீட்டுக்கு அனுப்புவார். புகையில் தொங்கித் தொங்கி ஷீட்டு தேன் நிறமாகி வந்தால் நம்பர் ஒன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொண்டால், அவர் வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டா உட்காருவார்?

கொசுவலையைத் திருத்தினார். கொசு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. அன்று காஜா பெராங் முழுவதும் சுகமாகத் தூங்கிற்று, அவர் வீட்டைத் தவிர. கோழிக்கூண்டுக்குக் காற்றோட்டம் கூட்டினார். கோழிகள் காற்றோடு போய்விட்டன. அவற்றில் ஒரு சேவலைச் செங் என்கிற ஊர்ப் பக்கம் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு, முன்னைவிடக் கொழுத்துச் சந்தோஷமாக இருந்ததாம். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் ரேடியோவில் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடினால் தேவலை என்று அதைத் திறந்தார். அன்றிலிருந்து அது ஜாவாக்காரர்களின் கெரொன்சோங் பாட்டு மட்டும் பாடியது, அதுவும் மழை பெய்தால் மட்டும்.

பொன்னம்மா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பேச்சு மலாய்க்கே மாறிவிட்ட பழைய தமிழ்க் குடும்பம். நெற்றியில் விபூதி, உடம்பில் கபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அக்கா, பூஜை, இன்னும் இரண்டொரு பலகாரத்தின் பெயர். சாரதாம்பாளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வேலி. வேலி முழுக்கச் சங்குப்பூ, அந்த ஊர்ப் பேச்சில் புங்கா தெலாங். பூவைக் கசக்கிப் பிழிந்து சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் ஏற்றுவார்கள். ரேடியோ கெட்ட அன்று பொன்னம்மா சேதுபதியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “சுடா பாகுஸ், பியார்லா.” நல்லாத்தானே இருக்கு, விட்டுவிடு என்று அர்த்தம். எந்தப் பாஷையில் சொன்னாலும் இந்த வாக்கியம் மட்டும் சேதுபதிக்குப் புரியாது.

இந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் அவருக்கு ஓர் அமெரிக்கப் பத்திரிகையைக் கொடுத்துத் தொலைத்தார். மணலிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சரக்கை வில்லை வில்லையாக அறுத்து வெயிலில் வைக்கிறார்களாம், கரண்டு வருகிறதாம்.

“மணல்லேர்ந்து வருதுன்னா ரப்பர்லேர்ந்து வராதா?” என்றார் சேதுபதி, இட்டிலியைப் பிட்டபடி. “ரப்பர்னா என்னான்னு நெனச்சே? பாலிமர். உள்ளுக்குள்ள சங்கிலி மாதிரி நீள நீளமா கோத்துக்கிட்டு இருக்கும். அதுல சாயத்த ஏத்தி வெயில்ல வச்சா, வெயில் இந்த முனையில ஏறி அந்த முனையில கரண்டா எறங்கும்.”

“ஏறட்டும், எறங்கட்டும். நம்ம ரேடியோவ மட்டும் தொடாதீங்க.”

“அதத் தொறந்து நாலு நாளாச்சே.”

எப்படிச் செய்தார் என்று கேட்பீர்கள். செம்புத் தகட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, சாரதாம்பாளின் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மேலே படிந்த கறுப்பு உரிந்து அடியில் சிவப்புத் தெரியும்வரை ஆறவிட்டு, ஒரு பலகையில் வரிசையாகப் பதித்தார். ரப்பர்ப் பாலில் பொன்னம்மா வேலிப் பூவின் நீலச் சாற்றையும் உப்பையும் கலந்து, தட்டில் ஊற்றி, வெங்காயத் தோல்போல ஒரு மெல்லிய நீலத் தோல் எடுத்து அந்தத் தகடுகளின் மேல் போர்த்தினார். அதற்கு மேலே சன்னக் கம்பிவலை, கண்ணாடி. பலகையின் ஒரு பக்கம் கரண்டு காட்டும் முள். மறுபக்கம், செத்துப்போன வீட்டு ரேடியோவின் உறுப்புகளோடு சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஒற்றை டிரான்சிஸ்டரைச் சேர்த்துக் கட்டிய, தீப்பெட்டி மாதிரி ஒரு ரேடியோ. காதில் வைத்துக் கேட்க ஓர் இயர்போன்.

நியாயமாக அது வேலை செய்திருக்கக் கூடாது. செய்தது. உலகத்தில் இப்படிப்பட்ட அநியாயங்களும் நடக்கின்றன. முற்றத்து வெயிலில் பலகையை வைத்து, சாரதாம்பாள் இயர்போனைக் காதில் வைத்தபோது, எங்கோ கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுகிறவர்போல ஒருவர், நாளையும் வெயில் அடிக்கும் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மேகம் குறுக்கே வந்தால் அவருக்குத் தொண்டை கட்டியது. மேகம் விலகினால் தெளிந்தது.

சாரதாம்பாளின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கணவருடைய மேதைமையை நினைத்து வந்ததாக நீங்கள் எண்ணிவிட வேண்டாம். அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. மகள் சிவகாமசுந்தரி கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். சுதந்திர வாரத்தில் ஒரு காலை வேளை, ரேடியோவின் தமிழ்ப் பகுதியில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடப் போகிறாள் என்று செய்தி வந்திருந்தது. நேரடி ஒலிபரப்பு. பதிவு செய்து பத்திரப்படுத்துவதெல்லாம் பெரிய மனிதர்களின் பேச்சுக்குத்தான். மாணவியின் பாட்டு காற்றில் ஒரு தரம் போனால் போனதுதான். வீட்டு ரேடியோ உறுப்பு உறுப்பாகக் கிடந்தது. பொன்னம்மாவின் ரேடியோ மழைக்குக் காத்திருந்தது. முனைக் காப்பிக்கடையில் ஒன்று உண்டு, ஆனால் அங்கே காலையெல்லாம் சீன நாடகம். தவிர, காப்பிக்கடை முக்காலியில் போய் உட்காரும் வழக்கம் அந்தக் காலத்துச் சாரதாம்பாள்களுக்கு இல்லை. ஆக, மகளின் குரலுக்கும் தாயின் காதுக்கும் இடையே மிஞ்சியிருந்தது இந்த நீலத் தோல் ஒன்றுதான்.

“கேக்குதுங்க,” என்றாள். “நல்லாக் கேக்குது. இதோட விட்டுடுங்க.”

“பிரமாதம்,” என்றார் சேதுபதி.

அவள் பலகையை முந்தானையால் மூடப் போனாள்.

“ஆனா எஃபிஷியன்ஸி கம்மி. நூறு கூடை வெயிலக் கொட்டுனா ஒரு கையளவுதான் கரண்டாகுது. மிச்சமெல்லாம் வேஸ்டு.”

“வெயிலுக்கு நாம என்ன வாடகையா குடுக்குறோம்? போனா போவட்டும்.”

“இப்படிப் பேசிப் பேசித்தான் நம்ம ஆளுங்க முன்னுக்கு வரல்ல,” என்று சொல்லிவிட்டு அவர் தோலை உரித்தார்.

உரித்த தோலைக் குப்பையில் போட்டார். சாரதாம்பாள் அதை எடுத்து, அலசி, ஈரம் போகாமல் வாழையிலையில் சுருட்டி, வேலிக்கு மேலாக நீட்டினாள். அரைகுறை மலாயில் விஷயத்தை எடுத்துச் சொன்னாள்: இது பாடுகிற தோல், அவர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. பொன்னம்மா அதை வாங்கிப் பூஜையறையில் வைத்தாள். அந்த வீட்டில் சேதுபதியின் கை எட்டாத இடம் அது ஒன்றுதான்.

அடுத்த நாட்களில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீலம் கூடினால் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும் என்று பூவைக் கூட்டினார். பொன்னம்மாவின் வேலி மொட்டையாயிற்று, அவள் நேர்ந்துகொண்டு சமைத்த நீலச்சோறு அந்தத் தடவை வெள்ளையாகவே படைக்கப்பட்டது. தோலை இன்னும் மெலிதாக்கினார். ஊதினால் பறந்தது, ஒன்று பறந்தே போய்த் தபால்காரர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வந்து வெயிலைக் குவித்துப் பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கருவாடு அன்று மத்தியானம் பொரித்த கருவாடாகவே இறங்கிற்று. நடுவில் கேலிக்கு ஆட்களும் சேர்ந்தார்கள்.

“என்னா சேது, வெயில் கனிஞ்சிடுச்சா?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை நிறுத்தாமலே போவார் அப்பாசாமி. அதே கிடங்கில் மூட்டைக்குக் குறி போடுகிறவர்.

“இன்னும் கொஞ்சம்,” என்பார் சேதுபதி.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டுக்கு இரண்டு நாளுக்கு முன்பு அவர் எடுத்த தோல் நிஜமாகவே சிறப்பாக அமைந்துவிட்டது. முள் இதுவரை போகாத இடத்துக்குப் போய் நின்றது. இயர்போனைக் காதில் வைக்காமல் கையில் வைத்தாலே முணுமுணுப்புக் கேட்டது. சாரதாம்பாளுக்கே நம்பிக்கை வந்து, அன்று அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள். நம்பிக்கை வந்தால் மனிதர்கள் இப்படித்தான் ஜாக்கிரதையைக் கைவிடுகிறார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

நெடுங்காலப் பழக்கம். யாரைக் குற்றம் சொல்வது?

“ஈரம் தெரியுது பாரு,” என்றார். “ஓரத்துல மேகம் மாதிரி.”

“எனக்கு ஒண்ணும் தெரியல்லீங்க.”

“ஒனக்குத் தெரியாது. ஈரம் இருந்தா எஃபிஷியன்ஸி எப்படி வரும்?”

ரப்பரில் ஈரம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. தோலை மடித்துக் கொண்டுபோய் கிடங்கின் புகைவீட்டில், ஷீட்டுகளுக்கு நடுவே, கொடியில் போட்டுவிட்டார்.

பாட்டு நாள் காலை, சொக்கத் தங்கமாக வெயில். மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. சேதுபதி புகைவீட்டிலிருந்து திரும்பினார், இரண்டு கையிலும் தோலை ஏந்திக்கொண்டு, கல்யாணப் பட்டு கொண்டுவருகிறவர்போல. ஈரமில்லை, குமிழியில்லை, பூசணமில்லை. தேன் நிறத்தில் தகதகவென்றிருந்தது.

“தவுக்கேயே பாத்துட்டாரு. நம்பர் ஒன்னுன்னாரு.”

பலகையில் போர்த்தினார். கம்பிவலையை வைத்தார், கண்ணாடியை வைத்தார். வெயிலில் நிறுத்தினார். முள் அசையவில்லை. பலகையைத் தட்டினார். அசையவில்லை. தேன் நிறத்துத் தோல் வந்த வெயிலையெல்லாம் தானே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. ஈரத்தோடு நீலமும் போன இடம் தெரியவில்லை. ரப்பராகப் பார்த்தால் அதைவிட உயர்ந்த ஷீட்டு மலாக்காவிலேயே கிடையாது.

சாரதாம்பாள் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. நேரமில்லை. வேலியருகே போய், “பொன்னம்மா, அதக் குடு” என்றாள். தமிழிலேயே கேட்டாள், அவளும் புரிந்துகொண்டாள். வாழையிலைச் சுருள், விபூதி வாசனையோடு வேலியைத் தாண்டி வந்தது. பின்னாலேயே பொன்னம்மாவும் வந்தாள், கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு. இயர்போனைக் கிண்ணத்துக்குள் போட்டால் சத்தம் குவிந்து இரண்டு பேருக்குக் கேட்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பழைய நீலத் தோலைப் போர்த்தியதும் முள் எழுந்து, பாதி தூரம் வந்து, மரியாதையாக நின்றது. கிண்ணத்துக்குள் யாரோ செருமினார்கள். அடுத்து மாணவியர் நிகழ்ச்சி என்றார்கள்.

சேதுபதி குனிந்து தோலைப் பார்த்தார். “அட, இது மொத மொத எடுத்ததாச்சே. இத வச்சிருந்தியா? பிரமாதம்,” என்றார். அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. “ஆனா இந்தா, இங்க ரெண்டு குமிழி இருக்கு. அத மட்டும் எடுத்துட்டா...”

சாரதாம்பாள் அந்தக் கையைப் பார்த்தாள். முப்பது வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, அவரைத் தடுக்க முடியாது என்பது தெரியும். திருப்பிவிட முடியும் என்பதும் தெரியும்.

“பொன்னம்மா வீட்டுப் பின் கதவு ஒட்டுதாங்க,” என்றாள் மெதுவாக. “ரெண்டு நாளா. தொறக்குது, ஆனா லேசா ஒட்டுதாம்.”

பொன்னம்மா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். ஒரு கதவைத் தியாகம் செய்கிறவளின் பெருமூச்சு அது. “யா லா. சயா பூன்யா பிந்து ரோசாக்,” என்றாள், என் கதவு கெட்டுத்தான் போச்சு என்று.

சேதுபதி கிண்ணத்தைப் பார்த்தார். பொன்னம்மா வீட்டுப் பக்கம் பார்த்தார். அவருக்கும் மகள்தானே. மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது நடந்த போராட்டத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே இரக்கம் வந்திருக்கும்.

“லேசா ஒட்டுதுன்னா இழைப்புளி ஒரு இழுப்பு, அவ்வளவுதான்,” என்றார். “பாட்டு ஆரம்பிச்சா கூப்புடு.” போய்விட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. சாரதாம்பாள் நேர்மையானவள், கூப்பிட்டாள். “என்னங்க, சிவகாமு பாடுறா.”

வேலிக்கு அப்பாலிருந்து இழைப்புளிச் சத்தத்தோடு பதில் வந்தது: “இதோ, இன்னும் கொஞ்சம்.”

அவள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. இரண்டு பெண்களும் கிண்ணத்தின்மேல், ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்போல, தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். நூலாக வந்தது குரல். நடுவில் கரகரத்தது. ஓரிடத்தில் காக்கை ஒன்று பறந்து போனதில் அரை வரி விழுங்கிப்போயிற்று. பெரிய எஃபிஷியன்ஸி என்று சொல்ல முடியாது. ஆனாலும் மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளே, சின்ன வயதிலிருந்து அப்படித்தான், அது கேட்டது. பாஷை புரியாத பொன்னம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்து, செய்தி தொடங்கி, அதுவும் முடிகிற நேரத்துக்குச் சேதுபதி வந்தார், தலையெல்லாம் மரத்தூள். கதவு இப்போது ஒட்டுவதே இல்லை என்றார். உண்மை. சட்டத்தை எங்குமே தொடாமல், சுண்டுவிரல் பட்டாலே திறந்துகொள்ளும் கதவாக அது ஆகியிருந்தது. மூடி வைக்கத்தான் முடியாது. அதன் பிறகு காஜா பெராங்கின் கோழிகளெல்லாம் பொன்னம்மா வீட்டுச் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின.

“சத்தம் எப்படி இருந்துச்சு?” என்றார்.

“போதும்.”

“போதும்னா? எவ்வளவு? முள்ளு எதுல நின்னுச்சு?”

“போதும்னா போதும்தான்,” என்று சொல்லிவிட்டுச் சாரதாம்பாள் நீலத் தோலை உரித்து, இலையில் சுருட்டிப் பொன்னம்மாவிடமே கொடுத்தாள். மகள் என்ன பாடினாள் என்று அவர் கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றுபார்த்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி அதன் அடியில் ஊதிக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், “அப்பா, என் பாட்டு எப்படிப்பா?” சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து அவள் பாடாத பாட்டில்லை, அவர் திருத்தாத வரியில்லை. ஆகவே கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், வரப்போகிறதை வாங்கிக்கொள்ள.

சேதுபதி மனைவியைப் பார்த்தார். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“பிரமாதம்,” என்றார்.

மகள் காத்திருந்தாள். கீரை ஆய்ந்த கையும் நின்றது. முற்றத்தில் பொன்னம்மா வீட்டிலிருந்து வந்த கோழி ஒன்றுகூட நின்றது. “ஆனா” வரவில்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக, “பிரமாதம்” என்ற சொல் வால் இல்லாமல் தனியாக நின்றது. கேளாத பாட்டில் குமிழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மகள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. புதிதாக எதையும் அவர் திருத்தியதாகவும் தெரியவில்லை.

சேதுபதியைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. சிரித்து முடித்த கையோடு ஒன்றைச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண் என்ன பாட்டுப் பாடினாள் என்று சொல்லியிருக்கலாமே, அந்தக் கருவாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமே” என்று உங்களுக்கு எங்காவது தோன்றிற்றா?

பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள், திருப்புளி தட்டுப்படும்.